திறந்தும் திறவாமல்: கல்பாக்கத்தின் இரண்டு மூடிகள்

கல்பாக்கத்தில் ஒரே கடற்கரையில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு வகை அணுஉலைகள் இருக்கின்றன. ஒன்று சென்னை அணுமின் நிலையத்தின் கனநீர் உலை. மற்றது 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை. இரண்டையும் ஒப்பிட்டு எழுதுபவர்கள் வழக்கமாக எரிபொருளை எடுத்துக்கொள்வார்கள். யுரேனியமா புளுட்டோனியமா என்று தொடங்குவார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பக்கம் போகப் போவதில்லை. இரண்டு உலைகளின் வாயையும் அடைத்து நிற்கும் மூடிகளைத்தான் அருகருகே வைத்துப் பார்க்கப் போகிறோம்.

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பெயர் 'பிளக்'. கனநீர் உலையில் வேலை செய்பவர் 'சீல் பிளக்' என்பார். ஈனுலையில் வேலை செய்பவர் 'ரொட்டேட்டிங் பிளக்' என்பார். பெயரை மட்டும் கேட்டால் அண்ணன் தம்பி என்று நினைக்கத் தோன்றும். நேரில் நிறுத்தினால் அந்த எண்ணம் ஒரு நொடியில் போய்விடும். முன்னது குடத்து வாய்க்குள் போய்விடக்கூடிய உலோகத் துண்டு. பின்னது ஒரு சிறு வீட்டின் கூரையைவிட அகலமான எஃகு வட்டு. தமிழில் சிந்திப்பவர் முன்னதைத் தக்கை என்பார், பின்னதை மூடி என்பார். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைக்க அவருக்குத் தோன்றாது. நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்: சிறியது அடைப்பான், பெரியது சுழல்மூடி. ஆனால் அந்த ஆங்கிலப் பெயர் முழுக்கத் தவறுமில்லை என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

முதலில் வாய் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. கனநீர் உலையில் அழுத்தத்தைத் தாங்கும் பெருங்கலம் என்று ஒன்று கிடையாது. கலாண்ட்ரியா என்னும் படுத்த உருளை இருக்கிறது. ஆனால் அதில் நிற்பது அழுத்தமில்லாத, கொதிக்காத கனநீர். அழுத்தம் முழுவதும் அந்த உருளையை நெடுக்காகத் துளைத்துச் செல்லும் 306 குழாய்களுக்குள் அடங்கியிருக்கிறது. ஒரு பெருங்கலத்தை 306 சிறு கலங்களாக வெட்டிப் பிரித்ததுபோல. ஒவ்வொரு குழாய்க்கும் இரு முனை, ஒவ்வொரு முனையிலும் ஒரு வாய், ஒவ்வொரு வாயிலும் ஓர் அடைப்பான். ஆக ஓர் உலைக்கு 612.

ஈனுலையில் நேர்மாறு. ஏறத்தாழ 12.9 மீட்டர் விட்டமுள்ள ஒரே கலம், அதற்குள் 1,150 டன் திரவ சோடியம், மேலே ஒரே ஒரு வாய். அந்த வாயை மூடும் கூரைத் தளத்தில் ஒரு பெரிய சுழல்மூடி. அதன் நடுவில் அல்லாமல் சற்றே விலகி ஒரு சிறிய சுழல்மூடி. அதற்குள் கட்டுப்பாட்டுக் கோல்களின் இயக்கிகளைத் தாங்கும் இன்னொரு மூடி. பெட்டிக்குள் பெட்டி என்பதுபோல மூடிக்குள் மூடி. முன்னதில் வாய்களைப் பெருக்கி ஒவ்வொன்றையும் சிறிதாக்கினார்கள். பின்னதில் வாயை ஒன்றாக்கிப் பெரிதாக்கினார்கள். மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை.

இனி அழுத்தம். குழாய்க்குள் ஓடும் கனநீர், வெளியேறும் முனையில் 293 டிகிரியைத் தொடுகிறது. அது கொதித்துவிடாமலிருக்க, வளிமண்டலத்தைப்போல் எண்பது மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். சோடியம் 547 டிகிரியில் இருக்கிறது. ஆனால் அதன் கொதிநிலை 880 டிகிரிக்கும் மேலே. ஆகவே அழுத்தம் எதுவும் தேவையில்லை. சோடியத்தின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையே ஆர்கான் வாயு ஒரு படலமாக நிற்கிறது, வெளிக்காற்றைவிடச் சிறிதே கூடிய அழுத்தத்தில். கேட்டவுடன் நாம் சொல்லிவிடுவோம்: பாரமெல்லாம் அடைப்பானுக்கு, சும்மா உட்கார்ந்திருப்பது சுழல்மூடி.

கணக்குப் போட்டால் கதை மாறுகிறது. அழுத்தக் குழாயின் உள்விட்டம் சுமார் 83 மில்லிமீட்டர். அதன் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 85 கிலோ என்று வைத்துப் பெருக்கினால், ஓர் அடைப்பானை வெளியே தள்ளும் விசை நான்கரை டன். பெரிய சுழல்மூடியின் விளிம்பில் கசிவை அடைக்கும் முத்திரையின் விட்டம் ஏறத்தாழ 6.3 மீட்டர். ஆர்கான் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு மட்டுமே கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும், மூடியை மேலே தூக்கும் விசை முப்பது டன்னைத் தாண்டுகிறது. மெல்லிய அழுத்தம், ஆனால் பரந்த மார்பு. மூச்சுக்காற்றளவு அழுத்தம் ஏந்தும் சுழல்மூடி, தனியொரு அடைப்பானைவிட ஏழு மடங்கு விசையைச் சுமக்கிறது.

சுமக்கும் விதத்தில்தான் இருவரும் பிரிகிறார்கள். சுழல்மூடிக்கு இந்த முப்பது டன் ஒரு பொருட்டே அல்ல. எஃகுப் பெட்டிக்குள் அடர்கான்கிரீட் நிரப்பிய அதன் சொந்த எடை நூற்றுக்கணக்கான டன். புவியீர்ப்பே அதற்குப் பூட்டு. அடைப்பானுக்கு அந்தச் சலுகை இல்லை. குழாய் படுத்திருக்கிறது; எடை எந்த விதத்திலும் உதவாது. ஆகவே அது பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். அடைப்பானின் உடலிலிருந்து தாடைகள் விரிந்து, குழாய் முனையின் உட்சுவரில் வெட்டிய பள்ளத்தில் போய்ப் பொருந்துகின்றன. தாடைகள் பிடித்துக்கொள்ள, ஓர் உலோக முத்திரை குழாய் முனையின் தீட்டிய விளிம்பில் அழுந்தி நீரை மறிக்கிறது. ஒன்று உட்கார்ந்து காக்கிறது, மற்றது பல்லைக் கடித்துக் காக்கிறது.

இதுவரை பார்த்ததெல்லாம் மூடியிருக்கும் நிலை. எந்த மூடியையும் மூடிய நிலையில் வைத்து மதிப்பிடுவது எளிது. நிரந்தரமாக அடைக்க வேண்டுமென்றால் பற்றவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இந்த இரண்டும் பற்றவைக்கப்படாமல் இவ்வளவு நுணுக்கத்தோடு செய்யப்பட்டதற்கு ஒரே காரணம், எரிபொருளை மாற்ற வேண்டும் என்பது. இவற்றின் அருமை திறக்கும் நேரத்தில்தான் தெரியும். அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்று பார்ப்போம்.

கனநீர் உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் மாற்றப்படுகிறது. அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கழற்றி, வெந்ததை எடுத்து, ஊறவைத்ததைப் போட்டு, மூடியைத் திரும்பப் பூட்டுவது என்றால் எப்படியிருக்கும்? நம் வீட்டு குக்கரில் அது நடக்காது, நடக்கக் கூடாது. இங்கே நடக்கிறது, தினம் நடக்கிறது. வழி இதுதான்: உலையின் இரு பக்கத்திலிருந்தும் இரண்டு எரிபொருளூட்டும் எந்திரங்கள் ஒரே குழாயின் இரு முனைகளுக்கும் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றும் தன் மூக்கைக் குழாய் முனையில் பொருத்தி இறுக்குகிறது. கசிகிறதா என்று சோதிக்கிறது. பின் தன் வயிற்றுக்குள் கனநீரை ஏற்றி, குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்துக்குத் தன்னையும் உயர்த்திக்கொள்கிறது. இப்போது அடைப்பானின் இரு பக்கமும் ஒரே அழுத்தம். நான்கரை டன் காணாமல் போய்விட்டது. தாடைகள் சுருங்க, அடைப்பான் உருவப்பட்டு, எந்திரத்துக்குள் துப்பாக்கியின் தோட்டா அறைபோல் சுழலும் மேகசினில் ஓர் அறைக்குள் போகிறது. அதன் பின்னால் இருக்கும் கதிர்த்தடுப்பு அடைப்பானுக்கு இன்னோர் அறை. பிறகு ஒரு பக்கத்திலிருந்து புதிய எரிபொருள் கட்டுகள் உள்ளே தள்ளப்பட, மறு பக்கத்தில் எரிந்த கட்டுகள் வந்து விழுகின்றன. ஒரு கட்டு அரை மீட்டர் நீளம், 19 கோல்கள். வழக்கமாக ஒரு தடவைக்கு எட்டுக் கட்டுகள். எல்லாம் முடிந்ததும் எடுத்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் எல்லாம் திரும்ப வைக்கப்படுகின்றன.

கல்பாக்கம் இருக்கும் செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் நாடு. ஏரி நீரைத் திறந்துவிடும் பழைய குமிழித் தூம்புகளில் ஏரிக்குள் இருக்கும் துளையைக் கல்லடைப்பு மூடியிருக்கும். ஏரி நிறைந்து நீர் அழுத்திக்கொண்டிருக்கும்போதுதான் அதைத் தூக்க வேண்டிய தேவையே வரும். அழுத்தத்தோடு இருக்கும் ஒன்றைத் திறப்பது என்ற சிக்கல் அந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று சொல்லத்தான் இதைக் குறிப்பிட்டேன். அதற்கு மேல் உவமையை இழுக்கவில்லை.

ஈனுலையில் ஓட்டத்திலேயே திறக்கும் வேலை எதுவும் இல்லை. உலையை நிறுத்துகிறார்கள். சோடியத்தை 200 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். இரு வகையாக, ஒன்பதும் மூன்றுமாகப் பன்னிரண்டு கட்டுப்பாட்டுக் கோல்களையும் உலை மையத்திலேயே விட்டுவிட்டு, மேலே இருக்கும் இயக்கிகளை அவற்றிலிருந்து கழற்றுகிறார்கள். பிறகு மூடி திறக்கப்படுகிறதா? இல்லை. மூடி திரும்புகிறது. பெரிய ராட்டினத்தின் மேல் சற்றே தள்ளி ஒரு சின்ன ராட்டினத்தை வைத்து, அதன் மேல் ஒருவரை நிறுத்தினால், இரண்டையும் வேண்டிய அளவுக்குத் திருப்பி அவரை எந்தப் புள்ளிக்கும் கொண்டுபோகலாம். சிறிய சுழல்மூடியிலிருந்து சோடியத்துக்குள் இறங்கும் எரிபொருள் மாற்றும் கரமும் இப்படித்தான் 181 எரிபொருள் தொகுதிகளில் வேண்டிய தொகுதியின் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. தூக்குகிறது, ஓரத்துக்கு மாற்றுகிறது. கலத்துக்குள் இருப்பது கலத்துக்குள்ளேயே இடம் மாறுகிறது. வெளியே எடுப்பதற்குத் தனியாக ஒரு சாய்வான பாதையும் அதற்கென ஓர் எந்திரமும் உண்டு. இத்தனையிலும் கலத்தின் வாய் ஒரு கணமும் காற்றைப் பார்ப்பதில்லை.

முதல் பார்வைக்கு இரண்டு முறைகளும் எதிரெதிர்த் துருவங்கள். ஒன்று ஓட்டத்தில், மற்றது நிறுத்தத்தில். ஒன்று உருவுகிறது, மற்றது சுழற்றுகிறது. ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒரே தந்திரத்தின் இரண்டு வடிவங்கள். கனநீர் உலையில் அடைப்பானைத் திறப்பதற்கு முன் அதற்கு வெளியே இன்னொரு கலம் வந்து ஒட்டிக்கொள்கிறது. எல்லை ஒரு முழம் வெளியே நகர்கிறதே தவிர எங்கும் உடையவில்லை. ஈனுலையில் எல்லை இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வட்டமாக நகர்கிறது. திறப்பின் பயனை அடைய வேண்டும், திறப்பு என்ற ஒன்று நடந்துவிடக் கூடாது. 'பிளக்' என்ற பொதுப்பெயர் முழுத்தவறு அல்ல என்று முதலில் சொன்னேனே, அது இதனால்தான். இரண்டும் சேர்ந்து அந்தச் சொல்லுக்கு அகராதியில் இல்லாத ஒரு பொருளைத் தருகின்றன.

எத்தனை தடவை என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. முழுத் திறனில் ஓடும் 220 மெகாவாட் கனநீர் உலையில் ஏறக்குறைய நாளுக்கு ஒரு குழாய் திறக்கப்படுகிறது. நாள்தோறும் வேலை என்று கேட்கும்போது அடைப்பான்கள் ஓயாமல் உழைப்பதாகத் தோன்றும். ஆனால் குழாய்கள் 306. எனவே ஒரு குறிப்பிட்ட அடைப்பானின் முறை சராசரியாகப் பத்து மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். நடுக்குழாய்களுக்குச் சற்று முன்னதாக, ஓரத்துக் குழாய்களுக்குச் சற்றுத் தாமதமாக. ஈனுலையில் எரிபொருள் மாற்றத்தின் இடைவெளி, வடிவமைப்பின்படி, 185 முழுத்திறன் நாட்கள், அதாவது ஏறக்குறைய ஆறு மாதம். அசையாமல் கிடப்பதாக நாம் நினைத்த பெருமூடி, ஓயாமல் உழைப்பதாக நினைத்த சிற்றடைப்பானைவிட அடிக்கடி எழுந்து வேலைக்கு வருகிறது.

அடுத்தது கசிவு. இரண்டும் கசியக் கூடாது என்பதில் ஐயமில்லை. எந்தத் திசையில் கசியக் கூடாது என்பதில்தான் வேறுபாடு. அடைப்பானுக்கு ஒரே பயம்: உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். கனநீர் விலை உயர்ந்தது. அதைவிட முக்கியமாக, உலையில் ஓடி ஓடி அதில் டிரிட்டியம் சேர்ந்திருக்கிறது. அதனால் சொட்டுச் சொட்டாகக் கணக்கு வைக்கிறார்கள். கசிந்ததைச் சேர்த்துப் பிடிக்கக் குழாய்கள், ஆவியாகிக் காற்றில் கலந்ததைக்கூட உலர்த்திகள் வைத்துத் திரும்ப எடுக்கும் ஏற்பாடு எல்லாம் உண்டு. சுழல்மூடிக்குப் பயம் இருபக்கமும். உள்ளிருக்கும் ஆர்கானில் கதிரியக்கம் உண்டு. அது வெளியே வரக் கூடாது. வெளிக்காற்றில் ஆக்சிஜனும் ஈரமும் உண்டு. அது உள்ளே போகக் கூடாது. போனால் சோடியம் ஆக்சைடாகிக் கசடு சேரும். அடைப்பான் சிறைக்காவலன் என்றால் சுழல்மூடி எல்லைக்காவலன்.

காக்க வேண்டிய விளிம்பின் நீளத்தையும் பார்த்துவிடலாம். பெரிய சுழல்மூடியின் விளிம்பு இருபது மீட்டர், 4.2 மீட்டர் விட்டமுள்ள சிறிய சுழல்மூடியின் விளிம்பு பதின்மூன்று. மொத்தம் முப்பத்து மூன்று மீட்டர். ஓர் அடைப்பானின் விளிம்பு ஒரு சாணுக்குச் சற்று மேல். ஆனால் 612 விளிம்புகளையும் ஒட்டுப்போட்டு நீட்டினால் நூற்றைம்பது மீட்டருக்குக் குறையாது. சிறியதுதான் பெரியது. கசிவைத் தேட வேண்டிய நீளத்தை வைத்துப் பார்த்தால், சிறு வாய்கள் பல வைத்துக்கொண்ட கனநீர் உலைதான் ஐந்து மடங்கு கடன்பட்டது. அந்தக் கடனுக்கு ஒரு நிவாரணமும் உண்டு: ஓர் அடைப்பான் கசிந்தால் எந்திரம் போய் அதை எடுத்து வேறொன்றை வைத்துவிட்டு வரும். சுழல்மூடிக்கு மாற்று மூடி கிடங்கில் கிடையாது.

முத்திரை செய்யும் பொருளில் இன்னும் ஆழமான திருப்பம். எண்பது மடங்கு அழுத்தத்தை மறிக்கும் இடத்தில் உலோகமும் உலோகமும் தொட்டு நிற்கின்றன, அது எதிர்பார்த்ததே. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள சுழல்மூடியின் விளிம்பில் நிற்பது என்ன? ரப்பர். புளோரின் கலந்த ரப்பரால் ஆன குழல். சைக்கிள் டியூபைப்போல உள்ளே வாயுவை அடைத்து உப்பவைத்தால் இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். துணைக்கு இன்னொரு ரப்பர் முத்திரையும் உண்டு. மூடி திரும்பும்போது இந்த உப்பிய குழல் உராய்ந்துகொண்டே வாயுவை விடாமல் காக்க வேண்டும். உலோகம் இங்கே ஏன் ஆகாது? மூடி சுழல வேண்டும். உலோகத்தை உலோகத்தின் மேல் அழுத்திச் சுழற்றினால் சிறிது காலத்தில் கீறல் விழும், கீறலில் கசியும். ஆறு மீட்டர் வட்டத்தை ஒரு மயிரிழை பிசகாமல் கடைந்தெடுப்பதும் நடக்கிற காரியமல்ல. வட்டத்தின் குற்றங்களை ரப்பர் மன்னித்து ஏற்றுக்கொள்கிறது.

வேறு வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் ஐடஹோவில் இருந்த ஈபிஆர்-2 என்ற வேக ஈனுலையில் வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த உலோகத்தை முத்திரையாக வைத்தார்கள். உலை ஓடும்போது அது உறைந்து கிடக்கும், இறுக்கமான அடைப்பு. எரிபொருள் மாற்றும் நேரம் வந்ததும் சூடேற்றி உருக்குவார்கள். உருகிய உலோகத்தில் முங்கியபடி மூடியின் விளிம்பு சுழலும். வேலை முடிந்ததும் மறுபடி உறையவிடுவார்கள். அரக்கு முத்திரை ஞாபகம் வருகிறதா? யோசனையின் அழகுக்காக மட்டும் மதிப்பெண் போட்டால் நான் இதற்குத்தான் போடுவேன். ஆனால் கல்பாக்கத்தின் 500 மெகாவாட் உலை ரப்பரின் பக்கம் நின்றது. உருக்கவும் உறையவைக்கவும் வேண்டாம், எடையும் மிச்சம்.

ரப்பர் வந்தால் கூடவே ஒரு நிபந்தனையும் வருகிறது: அதிகம் சூடாகக் கூடாது. இன்னொரு பக்கத்திலிருந்து நேர்மாறான நிபந்தனை: அதிகம் குளிரவும் கூடாது. சோடியத்தின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய ஆவி எழுந்துகொண்டே இருக்கிறது. அது மூடியைச் சுற்றியுள்ள குறுகிய இடைவெளிக்குள் ஏறுகிறது. சோடியம் 98 டிகிரியில் உறையும். இடைவெளி அதைவிடக் குளிர்ந்திருந்தால் அங்கே படிந்து படிந்து இறுகிவிடும். மார்கழி மாதத்தில் நெய்ச் சாடியின் மூடி விளிம்பில் நெய் உறைந்து திறக்க முடியாமல் திணறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கூரைத் தளத்தை 110 முதல் 120 டிகிரிவரை வைத்திருக்கிறார்கள்: சோடியம் உறையாத அளவுக்குச் சூடு, ரப்பர் கெடாத அளவுக்குக் குளிர்ச்சி. கீழே 547 டிகிரி. நடுவில் இந்தப் பத்து டிகிரி அகல ஒற்றையடிப் பாதை.

அடைப்பானின் பக்கத்தில் இப்படியொரு வெப்பக் கழைக்கூத்து இல்லை. அங்கே கவலை வேறு: துல்லியம். முத்திரை அழுந்தும் விளிம்பில் ஒரு சின்னக் கீறல், ஒரு துகள் இருந்தால் போதும். எண்பது மடங்கு அழுத்தம் அதைக் கண்டுபிடித்துவிடும். ஒன்றில் பொருளின் பொறுமை, மற்றதில் கடைசலின் நேர்த்தி.

கதிர்வீச்சைத் தடுக்கும் பொறுப்பையும் இருவரும் இருவிதமாகப் பங்கிட்டிருக்கிறார்கள். கனநீர் உலையில் நீரை மறிப்பது ஒருவர், கதிரை மறிப்பது இன்னொருவர். அடைப்பானுக்குப் பின்னால் தனியாகக் கதிர்த்தடுப்பு அடைப்பான் நிற்கிறது. சுழல்மூடியில் இரண்டும் ஒரே உடம்பு. அதன் கனத்துக்கே பாதிக் காரணம் அது. இதை வேறுபாடு என்று குறித்துவிட்டு நகரலாம்.

நிற்க வேண்டிய இடம் விபத்துகள். இரண்டு மூடிகளும் தோற்ற சந்தர்ப்பங்கள் எப்போது வந்தன என்று தேடினால், நான் எதிர்பார்த்தது வேறு. கனநீர் அடைப்பான் முழு அழுத்தத்தில் ஒருநாள் பிய்த்துக்கொண்டு போயிருக்கும், சுழல்மூடி முழு வெப்பத்தில் ஒருநாள் கோணியிருக்கும் என்று நினைத்தேன். பதிவுகள் அப்படிச் சொல்லவில்லை.

1987 மே மாதம். கல்பாக்கத்திலேயே உள்ள சிறிய வேக ஈனுலை, 1985இல் முதன்முதல் இயங்கத் தொடங்கிய எப்.பி.டி.ஆர். பிரான்சின் ரப்சோடி உலையின் வழி வந்தது; அதிலும் சுழல்மூடிகள் உண்டு. எரிபொருள் தொகுதி ஒன்றை இடம் மாற்றும் வேலை நடந்தது. தொகுதியின் அடிக்கால் இன்னும் உலை மையத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் மூடி திரும்பவே கூடாது. அதைத் தடுக்கும் ஏற்பாடு அப்போது விலக்கி வைக்கப்பட்டிருந்தது. மூடி திரும்பியது. கீழே தொகுதிகளின் தலைகள் வளைந்தன, வழிகாட்டும் குழாயும் வளைந்தது. வளைந்த குழாயைத் தொலைவிலிருந்தே வெட்டி எடுத்து உலையைச் சீராக்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

1990 ஜனவரி. கனடாவின் புரூஸ் நிலையத்தின் நான்காம் உலை, நம் கனநீர் உலைகளின் தாய்வழி உறவு. எரிபொருளூட்டும் எந்திரம் குழாய் முனையைக் கவ்வியிருந்தது. கணினி நிரலில் இருந்த பிழையால் எந்திரத்தைத் தாங்கிய பாலத்தின் பிரேக் விடுபட்டது. கவ்வியிருந்த எந்திரத்தோடு பாலம் இறங்க, குழாய் முனை சேதமடைந்து டன் கணக்கில் கனநீர் கொட்டியது.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோதுதான் இக்கட்டுரையை எழுதும் எண்ணமே வந்தது. இரண்டு நாடு, இரண்டு தொழில்நுட்பம், ஒன்றில் நீர், ஒன்றில் சோடியம், ஒன்றில் செங்குத்து அச்சு, ஒன்றில் கிடை அச்சு. தவறு மட்டும் ஒன்றே: பிடித்த பிடியை விடாமல் நகர்ந்தது. மூடிகளின் உலகில் அழுத்தமும் வெப்பமும் தெரிந்த எதிரிகள். அவற்றுக்கு ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்தாயிற்று. அடிவிழுந்தது அசைவில்.

மூன்றாவதும் ஒன்று உண்டு. அது கல்பாக்கத்தின் கனநீர் உலையில் நடந்தது. 1999 மார்ச் 26. இரண்டாம் உலை நிறுத்தப்பட்டிருந்தது. குழாய்களின் உட்புறத்தை ஆய்வு செய்யும் வேலை நடந்தது. அந்த வேலையின்போது ஓர் அடைப்பான் பிடி நழுவியது. டன் கணக்கில் கனநீர் வெளியேறியது. அங்கே பிடியை விடாததல்ல, பிடி போதாததுதான் பிழை. ஆனாலும் உலை ஓடவில்லை. வேலை, கையாளும் வேலை. மூன்றில் இரண்டு நிறுத்தப்பட்டிருந்த உலையில் நடந்தவை, மூன்றும் கையாளும் நேரத்தில் நடந்தவை.

இந்த விபத்துகளுக்குப் பிற்பாடு வந்த வடிவமைப்பாளர்கள் எதை மாற்றினார்கள் என்று பார்த்தால், மூடிகளை அதிகம் மாற்றவில்லை. மூடிகளை அசைப்பதற்கு முன் கேட்கும் கேள்விகளை அதிகமாக்கினார்கள். சோடியம் ஒளி புகாதது. அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே 500 மெகாவாட் ஈனுலையில் கேளா ஒலியை அனுப்பி, தொகுதிகளின் தலைக்கும் மேலே உள்ள மூடியின் அடிப்பகுதிக்கும் நடுவே ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் கருவி இருக்கிறது. கனநீர் உலையில் யாரும் முனைக்கு அருகே போய்ப் பார்க்க முடியாது, கதிர்வீச்சு விடாது. அங்கே எந்திரமே அடைப்பானைத் திரும்ப வைத்தபின் கசிவைச் சோதித்துச் சொல்ல வேண்டும். இருவருக்கும் கண் இல்லை. ஒருவர் காதால் பார்க்கிறார், மற்றவர் அழுத்தமானியால் பார்க்கிறார்.

இரண்டில் எது கடினமான கைவேலை என்று கேட்டால், என் வாக்கு சுழல்மூடிக்கு. அடைப்பானைத் திறக்கும்போது அழுத்தத்தைச் சமன் செய்து எதிரியை முதலில் இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். அது அபாரமான யோசனை, ஆனால் அதற்குப் பிறகு சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது. சுழல்மூடிக்கு அப்படி எதையும் சமன் செய்ய வழியில்லை. ஆர்கான் உள்ளே, காற்று வெளியே, நடுவே உராயும் ரப்பர், அதே நிலையில் திரும்பியாக வேண்டும். கனநீர் உலைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 612 என்ற எண்ணைக் காட்டுவார்கள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இரண்டு இடத்திலும் விதி ஒன்றுதான். கசிவுச் சோதனை தேறும்வரை எரிபொருளூட்டும் எந்திரம் தன் மூக்கைக் குழாய் முனையிலிருந்து விடுவிப்பதில்லை. கேளா ஒலிச் சோதனையில் தடை எதுவும் இல்லை என்று தெரியும்வரை சுழல்மூடி திருப்பப்படுவதில்லை.